ஊருக்கு உபதேசம் செய்பவர் ஏன் ஹெல்மெட் அணிவதில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எம்.எட். ஆய்வுக்காகக் கல்லூரி மாணவர்களின் சாலைப் பாதுகாப்பு மனப்பான்மையை அளக்கப் போகிறீர்கள். மனப்பான்மைகள் எங்கிருந்து வருகின்றன என்பது உங்கள் முதல் கேள்வி. மனப்பான்மைதான் நடத்தையைத் தீர்மானிக்கிறது என்று பாடநூல் சொல்கிறது. வீட்டிலோ, ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டுபவர்களைக் கண்டாலே திட்டித் தீர்க்கும் உங்கள் அப்பா, தம்முடைய ஹெல்மெட்டை அலமாரி மேல் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். பாடநூல் தவறா, அப்பா வேஷம் போடுகிறாரா என்று கேட்கிறீர்கள்.

அப்பா வேஷம் போடவில்லை. பாடநூல்தான் பாதிக் கதையோடு நின்றுவிட்டது.

பாடநூல்கள் மனப்பான்மையை மூன்று கூறாகப் பிரிப்பது வழக்கம்: ஒன்றைப் பற்றி நாம் நம்புவது, அதன்மேல் நமக்குள்ள விருப்பு வெறுப்பு, அதை நோக்கிச் செயல்படும் போக்கு. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இது போதும். ஆனால் இந்தப் பிரிவினையே ஒரு முடிவை நைசாக உள்ளே நுழைத்துவிடுகிறது. செயலையும் மனப்பான்மையின் ஓர் உறுப்பாக வரையறுத்துவிட்டால், மனம் ஒரு பக்கமும் செயல் இன்னொரு பக்கமும் போவது எப்படி என்ற கேள்வியே எழாது. இந்தத் துறையின் வரலாறு முழுக்க அந்தக் கேள்வியோடு போராடிய வரலாறுதான்.

தொடக்கத்தில் நம்பிக்கை நிறைய இருந்தது. 1928இல் லூயி தர்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் மனப்பான்மையை அளக்க முடியும் என்பதையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரையிலான அளவுகோலைத் தந்தார். நீங்கள் வினாப்பட்டியலில் பயன்படுத்தப் போவதும் அதைத்தான். தாளில் ஒருவர் போடும் டிக், தெருவில் அவர் செய்யப் போவதைச் சொல்லிவிடும் என்று பலரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையில் முதலில் கல் எறிந்தவர் ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். அவருடைய ஆய்வை எல்லாப் புத்தகங்களும் ஒரு பத்தியில் முடித்துவிடும்; அதன் சுவை விவரங்களில்தான் இருக்கிறது. 1930 வாக்கில் அவர் ஓர் இளம் சீன மாணவருடனும் அவருடைய மனைவியுடனும் காரில் பயணம் செய்தார். சீனர்கள் அமெரிக்காவில் குடியேறத் தடை விதித்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. 1943இல்தான் அது நீக்கப்பட்டது. வெறுப்பு சட்டமாகவே எழுதப்பட்டிருந்த காலம். குறுகிய மனத்துக்குப் பெயர்போன ஒரு சிற்றூரின் மிகச் சிறந்த ஹோட்டலில் தயக்கத்தோடு போய் நின்றார்கள். அறை உடனே கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து லாபியர் அதே ஹோட்டலுக்குத் தொலைபேசியில் பேசி, முக்கியமான சீனப் பிரமுகர் ஒருவருக்கு அறை கிடைக்குமா என்று கேட்டார். முடியாது என்று பதில் வந்தது.

அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. பிறகு அந்தத் தம்பதியோடு நாட்டின் குறுக்கும் நெடுக்குமாகச் சுமார் 10,000 மைல் சுற்றினார். ஹோட்டல்கள், உணவகங்கள், வழிப்போக்கர் விடுதிகள் என்று 251 இடங்கள். தாம் குறித்துக்கொள்வதை அவர்களிடம் சொல்லவில்லை. முடிந்த இடங்களில் பெட்டிகளைக் கவனிப்பதுபோல் பின்தங்கி, அவர்களையே முதலில் போய்ப் பேச விட்டார். மறுத்த இடம் ஒன்றே ஒன்று. ஆறு மாதம் விட்டு, போய்வந்த இடங்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பினார்: ‘சீன இனத்தவரை உங்கள் நிறுவனத்தில் விருந்தினராக ஏற்பீர்களா?’ பதில் எழுதிய 128 இடங்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ‘ஏற்க மாட்டோம்’ என்றன. மீதி ஏறத்தாழ எல்லாமே ‘சூழ்நிலையைப் பொறுத்தது’ என்று நழுவின. தெளிவாக ஏற்போம் என்று எழுதியவர் ஒரு சிறிய விடுதியை நடத்திய பெண்மணி. போன கோடையில் ஒரு சீனரும் அவருடைய இனிய மனைவியும் வந்து தங்கிப் போனதைப் பற்றி அவர் கதை பேசுவதுபோல் கடிதமும் எழுதியிருந்தார்.

இதை வைத்துக்கொண்டு ‘மனிதர்கள் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று’ என்று முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடிதத்துக்குப் பதில் எழுதியவர் முதலாளியாக இருந்திருக்கலாம், வரவேற்பு மேசையில் நின்றவர் கூலிக்காரராக இருந்திருக்கலாம். அதைவிட முக்கியமானது, கடிதம் கேட்டது ‘சீன இனத்தவர்’ என்ற ஒரு கூட்டத்தைப் பற்றி. வாசலில் வந்து நின்றவர்களோ நன்றாக உடுத்தி, சரளமாக ஆங்கிலம் பேசி, புன்னகை செய்த இருவர். கூடவே ஒரு வெள்ளைக்காரர். வந்து நிற்பவர்களை முகத்துக்கு நேரே போ என்று சொல்ல வெறுப்பு மட்டும் போதாது. ஒரு தர்மசங்கடத்தையும் தாண்ட வேண்டும். ஆக, அளக்கப்பட்டது ஒரு பொருளின் மேலுள்ள மனப்பான்மை, கவனிக்கப்பட்டது வேறொரு பொருளின் மேலான நடத்தை.

இந்தக் குறை புரிய நெடுங்காலம் பிடித்தது. 1969இல் ஆலன் விக்கர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மனப்பான்மைக்கும் நடத்தைக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண்; சுழி என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.30ஐத் தாண்டுவதே அபூர்வம், பல இடங்களில் சுழியை ஒட்டியே நிற்கிறது என்று எழுதினார். மனப்பான்மை என்ற கருத்தையே தூக்கிப் போட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குத் துறை கலங்கியது. அதை மீட்டவர்கள் மார்ட்டின் ஃபிஷ்பெயினும் ஐசக் அய்ஸனும். அவர்கள் சொன்னது அடிப்படையில் எளிமையானது: எந்தச் செயலை முன்கூட்டிச் சொல்ல விரும்புகிறோமோ, அந்தச் செயலின் மேலான மனப்பான்மையை, அதே அளவு நுணுக்கமாக அளக்க வேண்டும்.

இதற்கு 1979இல் டேவிட்சன், ஜக்கார்ட் இருவரும் நடத்திய ஆய்வைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பெண்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்கிறார்களா என்பதுதான் அவர்கள் கவனித்த நடத்தை. பொதுவாகக் குடும்பக் கட்டுப்பாடு பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு வாங்கிய மதிப்பெண்ணுக்கும் அந்த நடத்தைக்கும் இருந்த ஒட்டுறவு 0.08. அதாவது ஒன்றுமே இல்லை. மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது 0.32. மாத்திரையை நீங்கள் பயன்படுத்துவது பற்றிக் கேட்டபோது 0.53. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் பயன்படுத்துவது பற்றி என்று காலத்தையும் சேர்த்துக் கேட்டபோது 0.57. அதே பெண்கள், அதே நடத்தை. மாறியது கேள்வி மட்டும்.

இப்போது உங்கள் அப்பாவிடம் வருவோம். ‘ஹெல்மெட் உயிரைக் காக்கும்’ என்பது அவர் மனப்பூர்வமாக நம்பும் ஒன்று. ஆனால் ‘தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வர நான் ஹெல்மெட் அணிவது’ என்பது தனியான பொருள். அதன் மேல் அவருக்கு இருக்கும் மனப்பான்மையை யாரும் கேட்டதில்லை. அவரே கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். வேர்வை, கழுத்து அரிப்பு, இறங்கியதும் அதை எங்கே வைப்பது என்ற தொல்லை, தெருவில் வேறு யாரும் போட்டுக்கொண்டு போகாதது, எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அய்ஸனின் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு இவற்றை மூன்றாக அடுக்குகிறது: அந்தச் செயல் பற்றிய மனப்பான்மை, நமக்கு வேண்டியவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணம், அதைச் செய்வது தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு. மூன்றும் சேர்ந்துதான் ‘இதைச் செய்யப் போகிறேன்’ என்ற எண்ணத்தை உருவாக்குகின்றன. அந்த எண்ணமும் செயலாகும் என்று உறுதி இல்லை. இருபது முப்பது ஆண்டுகளாக ஒருவர் சாவியை எடுத்த கையோடு வண்டியைக் கிளப்பிப் பழகியிருந்தால், நடுவில் யோசிக்க ஒரு நொடிகூட இருப்பதில்லை. பழக்கம் யாரிடமும் கருத்துக் கேட்பதில்லை.

எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையிலான இந்தக் கடைசி முழத்தைப் பற்றி 1965இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஓர் அருமையான ஆய்வு நடந்தது. ஹாவர்ட் லெவெந்தாலும் அவருடைய குழுவினரும் மாணவர்களுக்கு டெட்டனஸ் நோய் பற்றிய கையேடுகளைக் கொடுத்தார்கள். சிலருக்குப் பயமுறுத்தும் கையேடு, சிலருக்கு மிதமானது. பயமுறுத்தும் கையேட்டைப் படித்தவர்களின் மனம் நன்றாகவே மாறியது; தடுப்பூசி அவசியம், போட்டுக்கொள்ளப் போகிறோம் என்றார்கள். வெறும் கையேட்டோடு நின்றவர்களில் உண்மையில் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் 3 சதவீதம். இன்னொரு பிரிவுக்குக் கையேட்டோடு பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தை வட்டமிட்டுக் காட்டிய வரைபடமும் ஊசி போடும் நேரங்களும் தரப்பட்டன. வாராந்தரக் கால அட்டவணையைப் பார்த்து எப்போது போக முடியும் என்று யோசித்து வைக்கும்படியும் சொன்னார்கள். அவர்களில் 28 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள். எல்லாருமே இறுதியாண்டு மாணவர்கள். மருத்துவ நிலையம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. வரைபடம் புதிய தகவல் எதையும் தரவில்லை. ஆனாலும் ஒன்பது மடங்கு வித்தியாசம். நம் ஊரில் விழிப்புணர்வுப் பேரணி நடத்துபவர்கள் இந்த ஒரு ஆய்வை மட்டுமாவது படித்தால் நல்லது என்று பலமுறை நினைத்திருக்கிறேன். பதாகை பிடித்து ஊர்வலம் போவதால் மனப்பான்மை மாறலாம். அந்த மாற்றம் 3 சதவீதத்தில் நின்றுவிடவும் கூடும்.

சரி, இந்த மனப்பான்மைகள் எங்கிருந்து வருகின்றன? நீங்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான். நான் தலைகீழாகப் போய்விட்டேன்.

யோசித்து, நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்த்து வருபவை குறைவு. பல, அடிக்கடி கண்டு பழகுவதால் மட்டுமே வருகின்றன. ராபர்ட் ஸாயோன்ஸ் 1968இல் சீன மொழி தெரியாதவர்களுக்குச் சீன எழுத்து போன்ற வடிவங்களைக் காட்டினார்; சிலவற்றை ஒருமுறை, சிலவற்றை 25 முறை வரை. பிறகு, இவை நல்ல பொருள் கொண்ட சொற்களா, கெட்ட பொருள் கொண்டவையா என்று ஊகிக்கச் சொன்னார். அதிகம் பார்த்தவற்றுக்கே நல்ல பொருள் என்றார்கள். காரணம் எதுவும் கிடையாது. கண்ணுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். தேர்தல் சமயத்தில் ஒரே முகம் ஏன் சுவர் சுவராகச் சிரிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இன்பமான ஒன்றோடு சேர்த்துச் சேர்த்துக் காட்டினால் பெயர்மீதுகூடப் பிரியம் வரும் என்பதையும் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். விளம்பரத் தொழில் அதை எப்போதோ தெரிந்துவைத்திருந்தது.

இவற்றைவிட ஆழமாக இறங்குவது, யாரோடு இருக்கிறோம் என்பது. தியோடர் நியூகம்ப் 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்திலுள்ள பென்னிங்டன் மகளிர் கல்லூரியில் இதை ஆண்டுக்கணக்காகக் கவனித்தார். மாணவிகள் பெரும்பாலும் வசதியான, பழமைவாதக் குடியரசுக் கட்சிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஆசிரியர்களோ இளைஞர்கள், முற்போக்குச் சிந்தனை உள்ளவர்கள். 1936 அதிபர் தேர்தலின்போது யாருக்கு ஆதரவு என்று கேட்டதில், முதலாண்டு மாணவிகளில் 62 சதவீதம் குடியரசுக் கட்சியின் லாண்டன் பக்கம் நின்றார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளில் அது 15 சதவீதம்தான். அங்கே ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் முன்னணியில், சோஷலிஸ்டு, கம்யூனிஸ்டு வேட்பாளர்களுக்கும் 30 சதவீத ஆதரவு. இவர்கள் எல்லாரும் பொருளாதாரம் படித்து மனம் மாறியவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கல்லூரியில் மதிக்கப்பட்ட மாணவிகள் முற்போக்காளர்களாக இருந்தார்கள். மற்றவர்கள் அவர்களைப் போல ஆக விரும்பினார்கள். அம்மா அப்பாவோடு ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் மட்டும் அவ்வளவாக மாறவில்லை. நியூகம்ப் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே பெண்களைத் தேடிப்போனபோது பெரும்பாலோர் மாறிய நிலையிலேயே இருந்தார்கள். காரணம் மன உறுதி மட்டும் அல்ல. தங்களைப் போல நினைக்கும் கணவர்களையும் நண்பர்களையும் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மனப்பான்மை நிலைக்க வேண்டுமென்றால் அதற்கு அக்கம்பக்கத்தின் தயவு வேண்டும்.

மூன்றாவது வழி சொந்த அனுபவம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் விடுதி அறைகள் போதாமல் போய், புதிய மாணவர்கள் சிலர் பொதுக்கூடத்தில் மடக்குக் கட்டில் போட்டுத் தூங்க வேண்டியதாயிற்று. ரீகன், ஃபாஸியோ இருவரும் 1977இல் இதைப் பற்றி எழுதினார்கள். கட்டிலில் தூங்கியவர்களும் அறை கிடைத்தவர்களும் நிர்வாகத்தைக் குறை சொன்னதில் வித்தியாசம் இல்லை. தாளில் இரு சாராரின் மனப்பான்மையும் ஒன்றுதான். ஆனால் கையெழுத்து வாங்குவது, குழுவில் சேர்வது என்று வரும்போது, கட்டிலில் தூங்கியவர்களின் செயல்தான் அவர்கள் சொன்னதோடு அதிகம் ஒத்துப்போனது. அனுபவத்தில் விளைந்த மனப்பான்மை சட்டென்று நினைவுக்கு வரும். கேள்விப்பட்டு வந்ததைத் தேடித்தான் எடுக்க வேண்டும். செயல்படும் நேரத்தில் தேட யாருக்குப் பொழுது?

பாடநூல் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் வைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது: நடத்தையும் மனப்பான்மையை உண்டாக்கும். 1959இல் ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற உளவியலாளர்கள் மாணவர்களை ஒரு மணி நேரம் உயிரை வாங்கும் வேலையில் உட்கார்த்தினார்கள். நூல்கண்டு உருளைகளைத் தட்டில் அடுக்கு, எடு, மறுபடி அடுக்கு. பிறகு 48 மர முளைகளைக் கால் வட்டம் திருப்பு, மறுபடி கால் வட்டம் திருப்பு. முடிந்ததும், வெளியே காத்திருக்கும் பெண்ணிடம் ‘வேலை சுவாரசியமாக இருந்தது’ என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். இந்தப் பொய்க்குச் சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். பிறகு உண்மையில் வேலை எப்படி இருந்தது என்று கேட்டபோது, 20 டாலர் வாங்கியவர்கள் இரண்டும் கெட்டானாக மதிப்பிட்டார்கள். 1 டாலர் வாங்கியவர்கள் பிடித்திருந்தது என்றார்கள். அதிகப் பணம் பொய்க்குக் காரணமாகிவிடுகிறது. ஒரு டாலர் காரணமாகப் போதவில்லை. அதனால் மனமே ‘அவ்வளவு மோசமில்லை’ என்று தன்னை மாற்றிக்கொண்டது.

மனமும் செயலும் பொருந்தாதபோது உண்டாகும் உறுத்தலைக் குறைக்க மனம் தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதுதான் ஃபெஸ்டிங்கரின் அறிதல் முரண்பாட்டுக் கோட்பாடு (cognitive dissonance). அவருக்கு அதன் விதை கிடைத்தது இந்தியாவிலிருந்து என்பது நம் ஊர்ப் புத்தகங்களில்கூட வருவதில்லை. 1934 ஜனவரி 15 அன்று பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் தொகுத்திருந்தார். அதிர்வை உணர்ந்தும் சேதம் எதுவும் காணாத பகுதிகளில், சந்திர கிரகணத்தன்று இன்னொரு பெரிய நடுக்கம் வரும், நேபாள எல்லையிலிருந்து வெள்ளம் பாய்ந்து வருகிறது என்றெல்லாம் பேச்சு. தப்பிப் பிழைத்தவர்கள் ஏன் தங்களை மேலும் பயமுறுத்திக்கொள்ள வேண்டும்? உடலில் பயம் இருக்கிறது, பார்த்தால் பயப்பட எதுவும் இல்லை. அந்தப் பொருத்தமின்மையைச் சரிக்கட்டவே, பயத்துக்கு ஏற்ற செய்தியை உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்று ஃபெஸ்டிங்கர் கருதினார். பிற்பாடு டார்ஜிலிங்கில் நிலச்சரிவில் நேரடியாகச் சிக்கியவர்களிடம் அப்படிப்பட்ட வதந்திகள் இல்லை என்று சின்ஹா என்ற ஆய்வாளர் எழுதியிருந்ததும் அவருக்குத் துணை நின்றது. இடிந்த வீடு கண்முன்னே இருக்கும்போது பயத்துக்கு வேறு சாட்சி எதற்கு?

இதை ஹெல்மெட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் கொஞ்சம் கவலையாகவே இருக்கிறது. தினமும் ஹெல்மெட் இல்லாமல் போய்ப் பத்திரமாகத் திரும்பி வருபவர் காலப்போக்கில் ‘பக்கத்துத் தெருவுக்கெல்லாம் தேவையில்லை’ என்ற கருத்துக்கு வந்துசேர்வார். கருத்து முதலில் வரவில்லை. செயலுக்குப் பின்னால் வந்தது. நம்மைப் போன்றவர்கள் விவாதம் செய்து அந்தக் கருத்தை மட்டும் வெட்டினால், வேர் அப்படியே இருக்கும்.

உங்கள் வினாப்பட்டியல் பற்றி. ‘சாலை விதிகளை மதிப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை’ போன்ற கூற்றுகளைச் சேர்த்தீர்களானால் எல்லாரும் முற்றிலும் உடன்படுவார்கள். எதையும் அளந்ததாக ஆகாது. ‘அடுத்த ஒரு வாரத்தில், கல்லூரிக்கு வரும்போது நான் ஹெல்மெட் அணிவது எனக்குச் சிரமம்’ என்பதுபோல் செயல், இடம், காலம் மூன்றையும் கூற்றுக்குள் கொண்டுவாருங்கள். ‘என் நண்பர்களில் பெரும்பாலோர் அணிகிறார்கள்’ என்ற வகையில் நாலைந்து கூற்றுகள் தனியாக இருக்கட்டும். ஏற்கெனவே எவ்வளவு அடிக்கடி அணிகிறார்கள் என்றும், விபத்தை நேரில் கண்டதுண்டா என்றும் கேளுங்கள். மாணவர்கள் டிக் போட்டுக் கொடுத்ததோடு நிறுத்த வேண்டாம். அடுத்த வாரம் காலை எட்டரை மணிக்குக் கல்லூரி வாசலில் நின்று, உள்ளே வரும் வண்டிகளில் எத்தனை தலைகளில் ஹெல்மெட் இருக்கிறது, எத்தனை ஹெல்மெட் கண்ணாடிக் கம்பியில் தொங்குகிறது என்று தனித்தனியாக எண்ணுங்கள். யார் யாரென்று பெயர் எழுத வேண்டாம். துறைவாரியான எண்ணிக்கை போதும். வழிகாட்டி ஆசிரியர் இது தேவையில்லாத வேலை என்று சொல்லக்கூடும். லாபியர் எழுதியதை அவரிடம் காட்டுங்கள்.